அறுபத்தேழாவது கேள்வி

ஒருவனுக்குச் சோற்றையும் போட்டு, அந்தச் சோற்றில் குற்றம் கண்டுபிடிப்பதற்குக் கூலியும் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், புத்தியுள்ளவன் கொஞ்சம் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. கைபேசியில் அந்த விளம்பரத்தைப் பார்த்த ஏழாவது நிமிடம் ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

என் பெயர் ஐயனார். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் ஆறு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிது. லைனில் வருகிற சட்டத்தின் துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பியை நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் ஓகே. நுழையாவிட்டால் சிவப்புச் சீட்டு. ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு தடவை இதைச் செய்கிறவனுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வராமல் இருக்காது. எனக்குத் தாராளமாகவே வந்திருந்தது.

ஆனால் வருடத்துக்கு நாலு தடவை அந்த அபிப்பிராயத்தைக் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டியிருக்கும். சட்டம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருவார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் என் மேஜைக்கு அடியில் விரலைத் தேய்த்து, அந்த விரலை என் மூக்குக்கு நேராகக் காட்டுவார். என் சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் நின்று வியர்ப்பார். அவர்கள் போன பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தக் கையுறைக்குள் என் கை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இலவசச் சாப்பாடு இரண்டாம் பட்சம்தான் என்று சொல்லலாம். பொய். இரண்டும் சமம்.

சாப்பாட்டு ஆசைக்கும் காரணம் உண்டு. சேரப்பணஞ்சேரியில் நானும் அந்தோணிராஜும் ஒரே அறையில் குடியிருக்கிறோம். அவன் சாத்தான்குளத்துக்காரன், வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் வாரத்துக்கு ஐந்து நாள் லெமன் சாதம். மீதி இரண்டு நாள் அதற்கே தக்காளி சாதம் என்று பெயர்.

நான் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் 'நிழல்கண்'. பெரிய ஹோட்டல்காரர்கள் இவர்களுக்குப் பணம் கட்டுவார்கள். இவர்கள் என்னைப் போன்ற ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி உள்ளே அனுப்புவார்கள். நாங்கள் சாப்பிட்டுவிட்டு, பரிமாறியவர் சிரித்தாரா, கக்கூஸில் சோப்பு இருந்ததா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு 'ரகசிய விருந்தினர்' என்று பட்டம். சாப்பாட்டுப் பில்லில் இருநூற்றைம்பது ரூபாய் வரை திரும்ப வரும். அதற்கு மேல் நூற்றைம்பது ரூபாய் கூலி. இரண்டும் அறுபது நாள் கழித்து.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆன்லைனில் பயிற்சி. மண்டலத் தலைவர் கோபிநாத் சென்னையிலிருந்து திரையில் தோன்றினார். அவருக்குப் பின்னால் புத்தக அலமாரி மாதிரி ஒரு படம் ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க சாப்பிடப் போகல," என்று ஆரம்பித்தார். "இதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. சாப்பிடறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. நீங்க ஒரு கேமரா. கேமராவுக்குப் பசி கிடையாது. பசியோட போறவன் எழுதற ரிப்போர்ட்ல எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு வரும். எல்லாம் நல்லா இருக்குன்னா கிளையன்ட் அடுத்த வருஷம் காண்ட்ராக்டை ஏன் ரினீவ் பண்ணப் போறார்?"

யாரோ ஒருவர், குறையே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"இன்னும் நல்லா பாருங்க," என்றார் கோபிநாத்.

பிறகு விதிகளைச் சொன்னார். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, ஆனால் தண்ணீர் எத்தனையாவது நொடியில் வந்தது என்று தெரிய வேண்டும். படம் எடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது, ஆனால் பதினெட்டுப் படம் வேண்டும். எழுதக் கூடாது, ஆனால் பரிமாறியவரின் பெயர், உயரம், தலை எந்தப் பக்கம் வாரியிருந்தது என்பதெல்லாம் நினைவிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் வாழ்க்கையும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது, கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி ஏரியா மேனேஜர், பெயர் ஆதித்யா.

"ஏல, ஒம் மூஞ்சிக்கு ஆதித்யாவா?" என்றான் அந்தோணிராஜ். "அந்தப் பேர வச்சவன் ஒன்னப் பாத்திருக்க மாட்டான்."

எனக்கு ஒதுக்கிய இடம் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் 'அன்னமகுடம்' என்ற ஏசி சைவ ஹோட்டல். அந்தோணிராஜ் தன் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை நான் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவில் நசுங்கி, ஏரியா மேனேஜராகப் போய் இறங்கினேன்.

கதவைத் திறந்ததும் ஒரு இளைஞன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். "வணக்கம், அன்னமகுடத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம், இன்னைக்கு எத்தனை புன்னகை சார்?"

எத்தனை பேர் என்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்க வேண்டும். அது பன்னிரண்டாவது கேள்வி. தெரிந்திருந்தும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஒண்ணு" என்றேன்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 'இரண்டு வாய் விதி'. வாடிக்கையாளர் இரண்டு வாய் சாப்பிட்டதும் பரிமாறுகிறவர் வந்து, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கிறாரா என்று நான் பார்க்க வேண்டும். மூன்றாவது வாய் சாப்பிட்டுவிட்டால் சோதனை செல்லாது. நான் நெய் ரோஸ்டில் இரண்டு வாய் எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இளைஞன் வேறு மேஜையில் இருந்தான். நெய் உறைந்தது. ரோஸ்ட் மெல்ல மெல்லத் தளர்ந்து தட்டில் படுத்தது. எனக்கோ காலையிலிருந்து பட்டினி. கேமராவுக்குப் பசி கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பதினாறாவது நிமிடம் மேனேஜர் பரசுராமனே வந்துவிட்டார். வாலாஜாபாத்துக்காரர், பெரிய தொந்தி, சின்ன டை.

"இன்னா சார், துன்னாம பாத்துக்கினே கீறீங்க? நல்லா இல்லியா?"

நல்லாத்தான் இருக்கு என்றேன். மேனேஜர் கேட்டது கணக்கில் வராது. பரிமாறுகிறவர்தான் கேட்க வேண்டும். தோல் போல் ஆகிவிட்ட ரோஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டு, கக்கூஸுக்குப் போய்த் தரையின் நான்கு மூலைகளையும் படம் எடுத்தேன். வெளியே காத்திருந்த ஒருவர் உள்ளே கேட்ட கிளிக் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

அறைக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். நூற்றுப் பதினான்கு கேள்விகள். சாம்பார்க் கிண்ணம் தட்டின் எந்தத் திசையில் இருந்தது, கடிகார முள்படி கூறவும். இரண்டு மணி என்று எழுதினேன். பில்லின் படத்தில் மூன்று மூலைதான் தெரிகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பில் கசங்கியிருக்கிறது என்று இன்னொரு தடவை. அந்தோணிராஜின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். எழுத்தெல்லாம் கருத்துப் போனது. ஆறு மணி நேரம் ஆயிற்று.

"பில்லு முந்நூத்திப் பத்து, அதுல அறுவது ஒங் கைக்காசு," என்றான் அந்தோணிராஜ். "ஷேர் ஆட்டோ, பஸ்ஸு. பூரா நாளும் போச்சு. ஓவர்டைம் பாத்திருந்தா இதுக்கு மேல ரெண்டு மடங்கு வந்திருக்கும். அதுல சூடா ரோஸ்ட்டும் தின்னுருக்கலாம்."

கணக்கு சரிதான். ஆனால் கணக்கில் ஒன்றை அவன் விட்டுவிட்டான். நாற்பத்தொன்பதாவது கேள்விக்கு நேரே, 'ஊழியர் இரண்டு வாய்க்குப் பின் விசாரிக்கவில்லை' என்று டிக் அடித்தபோது என் உடம்பில் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக நான் மேஜைக்கு மறுபக்கம் இருந்தேன். மொத்தம் எழுபத்துநாலு மார்க் போட்டேன். எழுபத்தைந்து போட்டிருக்கலாம். வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்தேன். கையுறை போட்டவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

ஒரே ஆள் ஒரே ஹோட்டலுக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி போகக் கூடாது என்று விதி. ஆனால் இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர எவனும் பதிவு செய்திருக்கவில்லை. நான் மட்டும்தான் அவ்வளவு புத்திசாலி. கோபிநாத் போன் செய்து, "அடுத்த மாசம் கண்ணாடி போட்டுட்டுப் போங்க. அதுக்கடுத்த மாசம் மீசையை எடுத்துடுங்க. சிஸ்டம் ஒத்துக்கும்," என்றார்.

இரண்டாவது தடவை கண்ணாடியோடு போனபோது 'புகார்ச் சோதனை'. ஏதாவது ஒரு குறையைச் சொல்லிப் புகார் செய்ய வேண்டும். பத்து நொடிக்குள் மன்னிப்புக் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து போட்ட சோற்றைக் குறை சொன்னதில்லை. அறையில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். ஹோட்டலில் எவ்வளவு தேடியும் குறை அகப்படவில்லை. கடைசியில், "இட்லி ரொம்ப மெத்துமெத்துன்னு இருக்கு," என்றேன்.

பரிமாறிய பையன் இட்லியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நெடுநேரம் யோசித்துவிட்டு, "சாரி சார், காலைல சுட்டது கொஞ்சம் கெட்டியா இருக்கும், கொண்டு வரவா?" என்றான். பரசுராமனுக்கு விஷயம் போய், அவர் வந்து தலையைச் சொறிந்தார். "இட்லி சாஃப்டா கீதுன்னு கம்ப்ளெயின்ட் குடுத்த மொத ஆளு நீங்கதான் சார்."

மன்னிப்பு பத்தொன்பதாவது நொடியில் வந்தது. ஒன்பது நொடி தாமதம். அறுபத்தாறு மார்க்.

மூன்றாவது தடவை மீசை இல்லாமல் போனேன். வாசலிலேயே பரசுராமன், "வாங்க சார், மீச இன்னா ஆச்சு?" என்று அன்போடு கேட்டார். தண்ணீர் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. முந்தைய தடவைகளில் பார்த்த இரண்டு பையன்களையும் காணவில்லை. மீதி இருந்த இரண்டு பேரில் ஒருவர் லீவாம்; நான் முன்பு பார்த்திராத ஒரு பெண் மட்டும் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். இதை நான் கவனிக்காமல் இல்லை. நன்றாகவே கவனித்து, 'ஊழியர் எண்ணிக்கை போதவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, அதற்கும் இரண்டு மார்க் குறைத்தேன். அறுபத்தொன்று. 'நிழல்கண்' எனக்கு 'வெள்ளி நிலை ரகசிய விருந்தினர்' என்று சான்றிதழ் அனுப்பியது. படப்பை கடைவீதியில் கலர் பிரிண்ட் எடுத்துக் கட்டிலுக்கு மேல் ஒட்டினேன்.

நான்காவது தடவை போனபோது பதினான்கு மேஜைக்கும் ஒரே ஆள்தான் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் வலைத் தொப்பி, மார்பில் 'செல்லக்கனி' என்ற அட்டை. வணக்கமும் இல்லை, எத்தனை புன்னகை என்ற கேள்வியும் இல்லை. "இங்கிட்டு உக்காரு தம்பி, வாரேன்," என்றார். அந்த 'இங்கிட்டு' காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சு.

பனீர் பட்டர் மசாலா கேட்டேன். அந்த மாதம் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

"அது வேண்டாம்யா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நேத்து வாங்குனது. வகுத்துக்கு ஆகாது. தயிர்ச் சாதம் இப்பத்தான் பிசைஞ்சிருக்கு, அதச் சாப்பிடு. எந்த ஊரு ஒனக்கு?"

"கோயமுத்தூரு. மோட்டார் பம்பு கம்பெனிக்கா," என்றேன்.

"கோயமுத்தூருல எங்கன? வெளாத்திகொளத்துக்குக் கெழக்கயா மேற்கயா?"

நான் வாயைத் திறந்த முதல் வார்த்தையிலேயே ஆதித்யா செத்துப் போயிருக்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்த் தயிர்ச் சாதத்தோடு வந்தார். ஹோட்டல் ஊறுகாயைத் தள்ளி வைத்துவிட்டுத் தன்னுடைய டிபன் டப்பாவிலிருந்து நாலு மோர் மிளகாய் எடுத்து என் தட்டில் போட்டார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் தயிர்ச் சாதம் எப்படி இறங்கும் என்றார். இனிப்பு வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது எண்பத்தெட்டாவது கேள்வி. ஊரை விட்டு வந்து ஆறு வருடத்தில் யாரும் என் தட்டில் அப்படி ஒன்றை எடுத்துப் போட்டதில்லை. மனதுக்குள் இன்னொரு பக்கம் மார்க் குறைந்துகொண்டே வந்தது.

மற்ற மேஜைகள் காலியானதும் அவர் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. புது நாற்காலி, மேலே சுற்றிய பாலிதீனைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அது இருபதாவது நிமிடம். இருபதாவது நிமிடத்தில் கூடத்தின் படம் எடுக்க வேண்டும். பழகிப் போன என் கட்டைவிரல் எடுத்துவிட்டது. மடியில் இருந்த கைபேசி தானாக அந்தப் படத்தை 'நிழல்கண்'ணுக்கு அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் பேசினார்.

"நாலு பேரு பாத்த வேல தம்பி. காலைல ஏழு மணிக்கு நின்னது, இப்பத்தான் குண்டி நாக்காலில படுது. எவனோ ஒரு களவாணிப்பய மாசாமாசம் வாரானாம். நம்மள மாதிரியே உக்காந்து தின்னுட்டு, நம்ம மேலேயே எழுதிப் போட்ருவானாம். அவன் எழுதுற ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளு போயிருது. மொதல்ல நம்ம கொம்பையா போனான். அப்பறம் அந்த இட்லிப் பய. போன மாசம் அந்தப் பிள்ளையும் போச்சு. அறுவதுக்குக் கீழ போச்சுன்னா நானுந்தானாம். மகன் பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருசம் படிக்கான். இன்னும் ஒரு வருசம் நான் நின்னாப் போதும்."

"ஆளு எப்படி இருப்பான்னு தெரியுமாக்கா?" என்றேன்.

"பெரிய ஆளா இருப்பானாம். கார்ல வருவான்னு மேனேஜர் சொல்றாரு."

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தேன். அறையில் உட்கார்ந்து நூற்றுப் பதினான்கு கேள்விக்கும் நல்ல பதிலாகப் பார்த்து டிக் அடித்தேன். வணக்கம் சொன்னார். புன்னகை கேட்டார். இனிப்பு வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். தொண்ணூற்றாறு மார்க். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே கள்ள ரிப்போர்ட் என்று பெருமைப்பட முடியாது. கம்பெனி ஆடிட்டுக்கு முந்தைய வாரம் பூராவும் நாங்கள் அதைத்தான் செய்வோம்.

அரை மணி நேரத்தில் கோபிநாத் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஐயனார், அறுபத்தேழாவது கேள்வி. வாடிக்கையாளர் பார்வையில் ஊழியர் யாராவது உட்கார்ந்திருந்தாரா? நீங்க இல்லைன்னு போட்டிருக்கீங்க. உங்க படத்துல அந்த லேடி ஜம்முன்னு உக்காந்திருக்காங்க."

"சார், அறுபத்தாறாவது கேள்வில ஊழியருக்கு நாக்காலி இருக்கான்னு கேட்டிருக்கு. இருந்தா அஞ்சு மார்க்கு. அதுல உக்காந்தா மட்டும் பத்து மார்க்கு போகுதே சார்."

"நாற்காலி இருக்கணும்னு சட்டம் இருக்கு. அது லீகல் டிபார்ட்மென்ட். அதுல யாரும் உக்காரக் கூடாதுங்கறது பிராண்டிங் டிபார்ட்மென்ட். ரெண்டையும் நீங்க குழப்பிக்கக் கூடாது." அவர் குரலில் துளி கோபம் இல்லை. "பதிலைத் திருத்திட்டு, அவங்க ஏன் உக்காந்தாங்கன்னு காரணத்தோட ஒரு விளக்கம் எழுதி அனுப்புங்க. இன்னைக்குள்ள."

காரணம் எழுதுவது என் தொழில். கம்பெனியில் ஒரு சட்டம் ரிஜெக்ட் ஆகிவிட்டால் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுத வேண்டும். ஒய்-ஒய் அனாலிசிஸ் என்று பெயர். ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில்தான் மூல காரணம். வழக்கமாக அது 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று முடியும். முடியும்படி நாங்கள் பார்த்துக்கொள்வோம். கை பழக்கத்தில் அதே படிவத்தைக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன்.

ஏன் உட்கார்ந்தார்? ஏழு மணியிலிருந்து நின்றதில் கால் வீங்கிவிட்டது. ஏன் அவ்வளவு நேரம் நின்றார்? நான்கு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். ஏன் ஒருவர்? மற்ற மூவரும் நீக்கப்பட்டார்கள். ஏன் நீக்கப்பட்டார்கள்? ரிப்போர்ட்டில் மார்க் குறைந்தது. ஏன் குறைந்தது? ஒருவர் உறைந்த நெய் ரோஸ்ட்டைப் பற்றி விசாரிக்கவில்லை, ஒருவர் மெத்தென்ற இட்லிக்கு ஒன்பது நொடி தாமதமாக மன்னிப்புக் கேட்டார், ஒருவர் இரண்டு பேருக்கான தண்ணீரைத் தனியாகச் சுமந்தார் என்று ஐயனார் என்பவர் எழுதினார்.

மூல காரணம்: ஐயனார்.

இதை நான் வீரத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். படிவம் என்னை அங்கே கொண்டு போய் நிறுத்தியது, அவ்வளவுதான். ஐந்தாவது ஏனைப் பார்த்ததும் எனக்கு உடம்பு வியர்த்தது. அடுத்த கட்டம், நிரந்தரத் தீர்வு. 'மூல காரணத்தை நீக்குதல்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

"ஃபார்மேட் பிரமாதம்," என்றார் கோபிநாத் போனில். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "இதை நாங்க ஒரு தனி சர்வீஸாவே விக்கலாம். ஆனா மூல காரணம்னு ஒரு ஆள் பேரைப் போட்டா கிளையன்ட்டுக்கு எப்படி அனுப்பறது? 'ஊழியரின் மனப்பான்மை'ன்னு மாத்திடுங்க. எல்லா ரிப்போர்ட்லயும் அதான் இருக்கும்."

"நான் மாத்தினா அந்தக்கா வேல போயிரும் சார்."

"நாங்க யாரையும் வேலையை விட்டு அனுப்பறதே இல்ல, மிஸ்டர் ஐயனார். நாங்க மார்க் மட்டும்தான் தர்றோம். கிளையன்ட்டும் யாரையும் அனுப்பறது இல்ல, அவங்க மார்க்கை ஃபாலோ பண்றாங்க. மேனேஜரும் அனுப்பறது இல்ல, அவர் கிளையன்ட்டை ஃபாலோ பண்றார். இதுல யாரும் யாருக்கும் எதுவுமே செய்யல. இந்த சிஸ்டத்தோட அழகே அதான்."

மாற்ற மாட்டேன் என்றேன். அப்படியானால் இந்த விசிட் செல்லாது, கூலியும் கிடையாது, பில் பணமும் கிடையாது, மாதம் முடிவதற்குள் வேறொரு விருந்தினர் போவார் என்றார். யார் என்று கேட்டேன். அது ரகசியம் என்றார். ஐந்து நிமிடத்தில் 'நிழல்கண்' ஆப் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நிரந்தரத் தீர்வுகள் இவ்வளவு வேகமாக நிறைவேறி எங்கள் கம்பெனியில் நான் பார்த்ததில்லை.

அந்தோணிராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு மேலே இருந்த சான்றிதழைப் பார்த்தான். இந்த நாலு மாதத்தில் அவன் என்னைக் கேலி செய்யாத ஒரே சமயம் அதுதான். அது எனக்குக் கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"போயி அந்தக்காட்ட சொல்லிருல," என்றான். "அடுத்து வாரது எவன்னு ஒனக்கும் தெரியாது. ஆனா ஒருத்தன் வாரான்னாவது அவியளுக்குத் தெரியட்டும்."

அடுத்த வார லீவு நாளில் என் சொந்தச் சட்டையில், சொந்தக் காசில் போனேன். மத்தியானக் கூட்டம் முடிந்திருந்தது. செல்லக்கனி அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாய்யா கோயமுத்தூரு. தயிர்ச் சாதந்தான? இரு, இன்னைக்குச் சுண்டவத்தல் கொண்டாந்திருக்கேன்."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மாதாமாதம் வருகிற அந்தக் களவாணி நான்தான் என்றேன்.

"சும்மா கெட," என்று சிரித்தார். "ஒன்ன எவன் அந்த வேலைக்கு வைப்பான்?"

அதை ஒப்புக்கொண்டு வந்துவிட்டிருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டுதான். ஆனால் கைபேசியில் இருந்த வெள்ளி நிலைச் சான்றிதழைக் காட்டினேன். அதன் கீழே ஹோட்டல் பெயரும் மூன்று தேதிகளும் மூன்று மார்க்குகளும் இருந்தன. அவர் கைபேசியை வாங்கித் தள்ளிப் பிடித்து மெல்ல வாசித்தார். முதல் தேதியில் விரலை வைத்தார். அது கொம்பையா போன மாதம். பிறகு இரண்டாவது தேதி. மூன்றாவது தேதிக்கு விரல் போகவில்லை. கைபேசியைத் துடைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"நான் அத விட்டுட்டேன்க்கா. உங்க மேல எதுவும் எழுதல. ஆனா மாசம் முடியறதுக்குள்ள வேற ஒருத்தர் வருவாக. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வலைத் தொப்பியைச் சரி செய்தார். அட்டை நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"சரிங்க சார்," என்றார்.

"நெசமா விட்டுட்டேன்க்கா."

"சோதிக்க வாரவுகளும் அப்படித்தான சார் சொல்லுவாக. உக்காருங்க. வணக்கம், அன்னமகுடத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்."

நான் உட்கார்ந்தேன். தண்ணீர் முப்பது நொடியில் வந்திருக்கும். தயிர்ச் சாதம் வந்தது, ஓரத்தில் ஹோட்டல் ஊறுகாய். சுண்டவற்றல் வரவில்லை. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று சரியான நேரத்தில் கேட்டார், இனிப்பு வேண்டுமா என்றும் கேட்டார். கேட்டுவிட்டு என் மேஜைக்கு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பயம்தான் இருந்தது.

"உக்காருங்கக்கா. கால் வீங்கிருக்கு."

"பரவால்ல சார். பழகிருச்சு."

இன்னொரு தடவை சொன்னேன். சிரிப்பை மாற்றாமல் தலையை மட்டும் ஆட்டினார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு எந்த மேஜையிலும் ஆள் இல்லை. நான் அங்கே இருக்கும் வரைக்கும் அவர் உட்காரப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. தயிர்ச் சாதத்தை நாலு வாயில் விழுங்கி, காசை மேஜையில் வைத்துவிட்டு வேகமாக வெளியே போனேன்.